எண்ணூறு இலையும் இறால் ஓடும்

அத்தியாயம் 14

மேரு தோட்டத்துக் கொட்டகையில், காலி டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மாதவியைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். முதலில் அவளை நகர்த்துவோம்.

இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு நாலு வரி. மாதவிக்கு ஷா ஆலமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. வெட்டிய வாழை இலை சீக்கிரம் வாடாமல் இருக்க, அதன் மேல் தெளிக்கும் ஒரு மெருகை அவள் குழு தயாரித்திருக்கிறது. அதில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோ நானோ என்கிறார்களே, அதுதான்.

மாமனார் ராதாகிருஷ்ணன் மேருவில் வாழைத் தோட்டம் வைத்து, முப்பது வருஷமாக பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு இலை போடுகிறவர். அங்கே "இலை ராதா" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். மருமகள் தன் சோதனைக்கு நாற்பது இலை கேட்டாள். கொட்டகை மூலையில் தனிப் பெட்டியில் வைத்தாள். ஆறாம் நாளும் அந்த நாற்பதும் இப்போது வெட்டியதுபோல் பச்சையாக இருந்ததைப் பார்த்து மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக மஞ்சளடித்த இலையைக் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டியவர் அவர், கலங்காமல் என்ன செய்வார்?

கணவன் முகுந்தன் போர்ட் கிள்ளானில் ஷிஃப்ட்டில் இருக்கிறான். இந்த அத்தியாயத்தில் அவனைத் தேடாதீர்கள்.

இன்று புரட்டாசி கடைசி சனி. மணி காலை ஏழு. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் மதியம் எண்ணூறு பேருக்கு அன்னதானம். இலை, ராதாகிருஷ்ணன் உபயம். சமையல், மாமியார் நல்லம்மாளும் அவர் மகளிர் குழுவும். இலை ஏற்றிய லோரி விடியும்போதே கிளம்பிவிட்டது. மாதவி கையிலோ ஐந்து லிட்டர் மெருகு இருந்த டின், துடைத்து வைத்ததுபோல் காலி.

அவள் போன் போட்டாள்.

"மாமா, டின் காலியா இருக்கே."

"கண்டுபிடிச்சுட்டியா? சஸ்பென்ஸா வச்சிருந்தேன்லா. வியாழக்கிழமையே எண்ணூறு இலைக்கும் அடிச்சாச்சு. இன்னிக்கு உன் பேரு பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கக் கேட்கப் போவுது பாரு."

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க..."

"லோரி ஓட்டறேன்மா. போன்ல பேசினா சம்மன் வரும். மண்டபத்துல பார்ப்போம்."

அதன் பிறகு ஒன்பது தடவை அடித்தாள். எடுக்கவில்லை. சட்டத்தை மதிக்கிற மனிதர், இன்றைக்குப் பார்த்து.

மாதவி தன் மைவி காரை எடுத்தாள். ஃபெடரல் ஹைவேயில் சனிக்கிழமைகூட நெரிசல். கார் நின்ற இடத்திலெல்லாம் அவளுக்கு இரண்டே எண்ணம். ஒன்று, அந்த மெருகை மனிதர் சாப்பிடும் இலையில் பயன்படுத்த இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. இன்னொன்று, அந்தத் துகள் எதிலிருந்து எடுத்தது என்பது. இரண்டாவதை நினைத்தபோதெல்லாம் ஹாரனை அடித்தாள்.

மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். உள்ளே பருப்பு வேகும் வாசனை. வெளியே லோரிக்குப் பக்கத்தில் ராதாகிருஷ்ணன் ஓர் இலையை விரித்து நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாருங்க. வியாழக்கிழமை வெட்டினது. நம்ப முடியுதா? என் மருமக கண்டுபிடிச்சது. இதோ, அவளே வந்துட்டா."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் மாதவிக்கு அழுகை வந்தது. சொந்த அப்பாகூட அவளைப் பற்றி இப்படி ஊரைக் கூட்டிச் சொன்னதில்லை. அந்த மனிதரின் தலையில்தான் இப்போது கல்லைப் போட வேண்டும். கையைப் பிடித்து லோரிக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"மாமா, இந்த இலையில யாரும் சாப்பிடக்கூடாது."

"ஏம்மா, விஷமா?"

"விஷம்னு சொல்லல. ஒண்ணும் செய்யாதுன்னு நாங்க இன்னும் நிரூபிச்சு முடிக்கல. சூடா ரசம் ஊத்தினா அந்தத் துகள் இலையிலேயே நிக்குமா, ரசத்தோட வயித்துக்குள்ள போவுமா, போனா எங்க போய்த் தங்கும்... அந்தப் பரிசோதனையே அடுத்த மாசம்தான் ஆரம்பம்."

"நல்லாக் கழுவிட்டா?"

"கழுவினா போயிடும்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். தெரியாது."

ராதாகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். டின் மேல் 'சோதனைக்கு மட்டும்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருந்ததை அவர் படித்தவர்தான். ஆறு நாள் பச்சையாக இருந்துவிட்டது, சோதனைதான் பாஸாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு மாமா. அந்தத் துகள் இறால் ஓட்டிலிருந்து எடுத்தது."

அவர் இலைக் கட்டுகளைப் பார்த்தார். சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இயற்கையானதுன்னு சொன்னியேம்மா."

"இறாலும் இயற்கைதானே மாமா."

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று கொட்டகையில் முழுசாகச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மாமாவுக்கு எதற்கு அத்தனை விவரம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தாள். ஆபீஸில் எல்லாரும் ஹலாலா என்று கேட்டார்கள். அதற்குக் காகிதம் வாங்கிக் கோப்பில் வைத்தாகிவிட்டது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எச்சரிக்கை எழுத வேண்டும் என்றுகூட ஒருவர் குறித்து வைத்தார். சைவமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் குழுவில் வாழை இலையில் சாப்பிட்டு வளர்ந்த ஒரே ஆள் மாதவிதான், அவளுக்கே தோன்றவில்லை.

ராதாகிருஷ்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்."

அவரைத் திட்டாதீர்கள். கடைசி சனியன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்தாலும் எண்ணூறு இலை கிடைக்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இலை ராதா இலை தரவில்லை என்று ஊர் பேசுவதை அந்த மனிதரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எனக்கும் தெரிஞ்சு போச்சு" என்று ஒரு குரல் கேட்டது.

கையில் கரண்டியுடன் நல்லம்மாள் நின்றுகொண்டிருந்தார். இந்த அம்மாள் புரட்டாசி பிறந்த நாளிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு. தனிச் சட்டி, தனி அடுப்பு. பாசாரில் மீன் விற்கும் வரிசைப் பக்கம்கூட நடக்காமல், சுற்றிப் போய்க் கீரை வாங்கியவர்.

மாதவியால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அத்தை, கோவமா?"

"கோவம்தான். ஆனா இப்போ நேரமில்ல. பருப்பு அடிப்பிடிக்கும். சமையலை முடிச்சுட்டு வந்து கோவப்படறேன்." பிறகு கரண்டியை மண்டபத்தின் பக்கம் நீட்டினார். "மூணு பேருக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியட்டும். நீ போய் மைக்குல சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

விழாக் குழுத் தலைவர் சிவேந்திரன், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கையில் அட்டை, அட்டையில் பட்டியல், பட்டியலில் நிமிஷக் கணக்கு. அவரிடம் சொல்லத்தான் மாதவி ரொம்பப் பயந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"பிள்ளை, இதை நீர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிய வந்திருக்குமோ?"

"வந்திருக்காது அங்கிள்."

"ஓம், அப்ப சரி" என்று மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, பட்டியலில் பன்னிரண்டு மணியை அடித்து ஒரு மணி என்று எழுதினார்.

அதற்குள் நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். மாதவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தப்பு மாமாமேல் இல்லை, முழுசாகச் சொல்லாத தன்மேல்தான் என்றும் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. நல்லம்மாள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார்.

முன் வரிசையில் இருந்து ஒரு பெண்மணி கேட்டார். "இறால் ஓடுன்னா, இலையில வாசனை வருமாம்மா?"

"வராது ஆன்டி."

"ருசி?"

"அதுவும் தெரியாது."

"அப்புறம் ஏம்மா எங்ககிட்ட வந்து சொன்ன?"

"உங்களால கண்டுபிடிக்க முடியாதுன்னுதான் ஆன்டி சொன்னேன்."

அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "மேருவுல மரத்துல இலை இருக்குல்ல? கார்ல நாலு பேருக்கு இடம் இருக்கு. கத்தி யார் கொண்டு வர்றது?"

அந்தப் பெண்மணியின் பெயர் மார்க்கிரட். அவர் கும்பிடுவது வேறு சாமியை. பக்கத்து வீட்டு அம்மாவோடு சாப்பிட வந்தவர். இறாலும் சாப்பிடுவார், நண்டும் சாப்பிடுவார். ஆனால் முதலில் எழுந்தவர் அவர்தான், இதை நான் குறித்து வைக்க விரும்புகிறேன்.

அவர் எழுந்ததும் மண்டபமே எழுந்தது. பத்து நிமிஷத்தில் ஏழு கார், ஒரு வேன், முன்னால் ராதாகிருஷ்ணனின் லோரி. மெருகு போட்ட எண்ணூறு இலையும் அதே லோரியில் தார்ப்பாய்க்குக் கீழே திரும்பிப் போயின. வீணாகப் போகிறதே, கோயில் மாட்டுக்காவது போடலாமே என்று ஒருவர் அங்கலாய்த்தார்.

"மாடும் சைவம்தான் அங்கிள்" என்றாள் மாதவி. அன்று காலையில் அவள் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். மாட்டுக்கும் போடக்கூடாது, வடிகாலிலும் வீசக்கூடாது, எல்லாம் கணக்காக ஆய்வுக்கூடத்துக்கே போக வேண்டும் என்று விளக்கினாள்.

லோரியில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தன் மேலதிகாரி டாக்டர் ஜெயமாலாவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினாள். யாரும் கேட்கும் முன்பே எழுதினாள். ஷா ஆலம் தாண்டும்போது பதில் வந்தது. 'திங்கள் காலை ஒன்பது மணி. டின்னையும் கொண்டு வா.' வேறு ஒரு சொல் இல்லை. சோதனையை நிறுத்துவார்களா, அவளையே நிறுத்துவார்களா, ஒன்றும் புரியவில்லை.

"என்னாலதான்" என்றார் ராதாகிருஷ்ணன், ரோட்டைப் பார்த்தபடி.

"நம்மாலதான் மாமா" என்றாள் மாதவி. 

தோட்டத்தில் ஒரே கொண்டாட்டம். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆன்டிகள் இலை சுமந்தார்கள். ராதாகிருஷ்ணன் அரிவாளைக் கட்டிய கம்போடு மரத்துக்கு மரம் ஓடினார். அடுத்த வாரம் கடைகளுக்கு என்று விட்டு வைத்திருந்த இலையெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது. கொசு கடித்தது, வாழைக் கறை படிந்தது, யாரும் கவலைப்படவில்லை. மார்க்கிரட் இலையை எண்ணி எண்ணித் தொட்டித் தண்ணீரில் கழுவி அடுக்கினார்.

இத்தனையையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தம்புசாமி. நல்லம்மாளின் கூடப் பிறந்த தம்பி. ஒட்டிய நிலம்தான், நடுவில் ஒரு கம்பி வேலி. பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ராதாகிருஷ்ணனின் மகள் கல்யாணத்தில் தம்புசாமி தாய்மாமனாக முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டு, உப்பு வைத்து, கூட்டும் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்துவிட்டார். "மச்சான், நீ கொஞ்சம் எழுந்து அடுத்த பந்தியில உட்காரேன்" என்றார் ராதாகிருஷ்ணன். தம்புசாமி எழுந்தார். கையைக் கழுவினார். வீட்டுக்குப் போனவர் போனவர்தான். சிரித்துவிட்டீர்களா? உங்களை எழுப்பியிருந்தால் தெரியும்.

இன்றும் அவர் வேலியைத் தாண்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவர் போன பக்கத்தையே ராதாகிருஷ்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பிறகு கடைசியாக ஒரு நுனி இலையை, கிழியாமல், மெதுவாக இறக்கினார். அதை லோரியில் மற்றவற்றோடு சேர்க்கவில்லை. ஈரத் துணியில் சுருட்டித் தன் சீட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

மொத்தம் ஐந்நூற்று இருபது இலை தேறியது. மிச்சப் பேருக்குக் காகிதத் தட்டு என்று சிவேந்திரன் பட்டியலில் எழுதினார்.

பந்தி ஒரு மணிக்குத் தொடங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது, வாட்ஸ்ஆப் என்று ஒன்று இருக்கிறதே. இலை வயதானவர்களுக்குப் போகட்டும் என்று இளவட்டங்கள் தாங்களாகவே தட்டுப் பக்கம் போனார்கள். நல்லம்மாளின் சாம்பார் அன்று என்னவோ தனி ருசி. கோபத்தை அதில் போட்டுக் கிளறினாரோ என்னவோ, மூன்றாவது பந்தியிலேயே தீர்ந்து, அவசரமாக இன்னொரு அண்டா வைத்தார்கள்.

கடைசிப் பந்தியில் ராதாகிருஷ்ணன் வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் காகிதத் தட்டு. முப்பது வருஷத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பார்க்காத காட்சி. ஆளாளுக்குப் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். "இலை ராதா, இனிமே தட்டு ராதா" என்று யாரோ சொல்ல, அவரே முதலில் சிரித்துவிட்டார்.

நல்லம்மாள் சாதம் வைத்துக்கொண்டே கேட்டார். "லோரியில ஒரு நுனி இலை வச்சிருந்தீங்களே, அதைப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"அது இருக்கட்டும்" என்று அவர் குனிந்து சாப்பிட்டார்.

எதிரே சிவேந்திரன் அட்டையை மூடி வைத்துவிட்டு ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை, ஒரு சந்தேகம். இந்தத் துகளை இறாலில்தான் எடுக்க வேணுமோ? வேறு வழி இல்லையோ?"

"இருக்கு அங்கிள். காளான்லயும் எடுக்கலாம். நாங்களே ஆரம்பத்துல யோசிச்சோம். ஆனா காளான் காம்பு தினமும் நிறைய வேணும், ஒரே இடத்திலிருந்து, ஒரே தரத்துல வேணும். இறால் ஓடு சுலபமாக் கிடைச்சது, அப்படியே போயிட்டோம்."

நல்லம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"காளானா?"

"ஆமாம் அத்தை."

"காம்பையெல்லாம் தூக்கித்தானே போடறான் அவன்" என்றார் நல்லம்மாள், யாருக்கும் இல்லாமல். தம்புசாமி அந்தப் பக்கத்தில் ஆறு கொட்டகை நிறையக் காளான் வளர்க்கிறார் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாதவியைப்போல நானும் முழுசாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ராதாகிருஷ்ணன் தட்டில் இருந்ததைத் துடைத்துச் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவினார். "நல்லம்மா, சாப்பாடு கொஞ்சம் கட்டு. பாயசமும் வை."

நுனி இலை எதற்கு என்று நல்லம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. காளான் பேச்சு வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே அந்த இலை வெட்டியாகிவிட்டது. அதை அவர் மறக்கமாட்டார், தம்பியிடமும் சொல்லுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் இரண்டு கரண்டி கூடப் போட்டுக் கட்டினார். கோபப்பட நேரம் ஒதுக்கி வைத்திருந்ததே அவருக்கு மறந்துபோயிற்று.

மாலை நாலரைக்கு மூவரும் தம்புசாமி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். நாய் குரைத்தது. தம்புசாமி பனியனோடு வெளியே வந்தார், அக்காவைப் பார்த்தார், மாதவியைப் பார்த்தார். ராதாகிருஷ்ணனைப் பார்க்கவில்லை, அவர் கையில் இருந்த இலையைப் பார்த்தார்.

"தம்பு, சாப்பிட்டியா?" என்றார் நல்லம்மாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கேட்க அவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னும் இல்லக்கா."

ராதாகிருஷ்ணன் ஈரத் துணியைப் பிரித்து இலையை இரண்டு கையாலும் நீட்டினார். "முதல் பந்தி" என்றார். 

தம்புசாமி இலையை வாங்காமல் உற்றுப் பார்த்தார். அவர் போனுக்கும் மண்டபத்துச் செய்தி வந்திருந்தது.

"இதுல என்ன தடவியிருக்கு?"

மாதவி வாயைத் திறப்பதற்குள் ராதாகிருஷ்ணனே பதில் சொன்னார். "ஒண்ணும் தடவல. காலையில நீ பார்க்கும்போது வெட்டினது. வெறும் தண்ணியில கழுவினது. இவ்வளவுதான் மச்சான், முழுசாச் சொல்லிட்டேன்."

தம்புசாமி இலையை வாங்கிக்கொண்டார். கேட்டைத் திறந்து அக்காவையும் மாதவியையும் உள்ளே விட்டார். பின்னாலேயே காலெடுத்து வைத்த ராதாகிருஷ்ணனின் முன்னால் தம்புசாமியின் கை குறுக்கே வந்தது.

"நீங்க அடுத்த பந்தி, மச்சான்."

சொல்லிவிட்டு இலையோடு உள்ளே போனார். ராதாகிருஷ்ணன் வெளியே நின்றார். கேட்டைத் தம்புசாமி சாத்தவில்லை.